கவிழ்த்து வைத்த இருபத்தாறு டம்ளர்கள்

சுந்தரம்மாள் யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பிடிப்பார். நம் உள்ளங்கையைத் தன் இடது கையில் ஏந்திக்கொள்வார். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் புறங்கைத் தோலை லேசாகக் கிள்ளித் தூக்கும், பிறகு விட்டுவிடும். தூக்கிய தோல் படியும்வரை கண் அங்கேயே இருக்கும். உடனே படிந்துவிட்டால் "ம்" என்பார். கொஞ்சம் தாமதமானால், "காலைலருந்து எம்புட்டுத் தண்ணி குடிச்ச?" என்று கேட்பார். இத்தனையும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் நடக்கும், கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்த குழந்தையிடமும் நடக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் சாணார்பட்டி வட்டாரத்தில் முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மிளகாய்த் தோட்டத்துக்கும் மல்லிகைத் தோட்டத்துக்கும் நடுவே நடந்தே போய் வந்தவர். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது புருஷனுக்கு முன்னால் அவருக்குத் தெரியும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடையில் ஒரு காலனியில் வாந்திபேதி வந்தது. சேதி கிடைத்து அவர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு குழந்தைகளின் வயிற்றுத் தோல் கிள்ளிய இடத்தில் அப்படியே நின்றதாம். ஒரு பிள்ளையைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் அது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது மாலைநிழல் முதியோர் இல்லத்தின் மூலமாக. நத்தம் ரோட்டில், சாணார்பட்டிக்கு முன்னால், ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது அது. ஆரம்பித்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. அவர் போன பிறகு மகன் மோகன்குமார் செயலாளர் ஆனார். அறங்காவலர்கள் நான்கு பேரும் அவருடைய சொந்தக்காரர்கள். வெளியாள் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் எங்கள் நான்கு பேருடைய பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டான்லி சார் குழுவின் தலைவர். மோகன்குமாருக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். அடுத்தவர் முகமது ரஃபீக், பஸ் ஸ்டாண்டு பக்கம் மொத்த மருந்துக் கடை வைத்திருப்பவர். மூன்றாவது சுந்தரம்மாள். நான்காவது நான். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. வருஷத்துக்கு ஒரு முறை இல்லத்தில் இலவச முகாம் நடத்திக் கொடுத்ததற்காக என் பெயரையும் சேர்த்தார்கள். கூட்டத்தில் நான் வாய் திறந்த ஞாபகம் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு இல்லத்தைப் பார்க்கப் போவோம். வியாழக்கிழமையே ஸ்டான்லி சார் போன் செய்து சொல்லிவிடுவார். சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் போவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. நாங்கள் போகும்போது அங்கே இருக்கும் இருபத்தாறு பேரும் குளித்து, நெற்றிக்கு இட்டு, தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நன்னாரி சர்பத் வரும். எல்லோரும் குடிப்போம். கிளம்பும்போது பார்வையாளர் புத்தகத்தில் எழுதுவோம். ஸ்டான்லி சார் அழகான கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதுவார். ரஃபீக் பாய் "மிக நன்று" என்று எழுதுவார். அதைப் பார்த்து நானும் "நன்று" என்று எழுதுவேன். சுந்தரம்மாள் தேதி போட்டு, "வந்தேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைப்பார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது போல என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த இருபத்தாறு பேரில் ஒருவர் அவருடைய அக்கா அழகம்மாள். சித்தையன்கோட்டையில் களையெடுத்தும் நாற்று நட்டும் தங்கச்சியை நர்ஸ் படிக்க வைத்தவர். பிள்ளை இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு பேச்சும் நினைவும் கலங்கிப்போயின. சுந்தரம்மாள் இருந்தது நாகல் நகரில் மகன் முகேஷ்குமாரின் வாடகை வீட்டில். மாடியில் இரண்டு ரூம், ஏணி போல ஒரு படி. தூக்கி ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மகன் மில்லில் ஷிப்ட் பார்க்கிறார், மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஆலோசகர் என்ற முறையில் கேட்டதால் மோகன்குமார் ஒரு கட்டில் ஒதுக்கிக் கொடுத்தார். அதற்கு நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார், சிரித்த முகமாக.

போன வருஷம் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை வெயில் மோசம். சர்பத் வர கொஞ்சம் தாமதம். அந்த இடைவெளியில் சுந்தரம்மாள் வரிசையில் முதலில் இருந்த ஒரு கிழவரின் கையைப் பிடித்தார். பிறகு கையை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தெலும்புக்குக் கீழே கிள்ளினார். வயசானவர்களுக்குப் புறங்கை சரியாகச் சொல்லாது, அங்கே தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும் என்று பிறகு எங்களுக்கு விளக்கினார். கிழவரை நாக்கை நீட்டச் சொன்னார். அடுத்தவர். அதற்கு அடுத்தவர். பதினோராவது ஆளிடம் போகும்போது சர்பத் வந்துவிட்டது. கூடவே மோகன்குமாரும் வந்தார்.

"என்ன சிஸ்டரம்மா, டாக்டர் வேல பாக்குறீங்க?"

"சும்மாதான் தம்பி. வெயிலு பாருங்க" என்றார் சுந்தரம்மாள். அன்றைக்கும் "வந்தேன்" என்றுதான் எழுதினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, அக்காவுக்கு உள்பாவாடை கொடுக்கிற சாக்கில், யாரிடமும் சொல்லாமல் போனார். பார்த்ததை வெள்ளிக்கிழமை மதியம் எங்களிடம் சொன்னார். கூடியது ரஃபீக் பாயின் கடைக்குப் பின்னாலிருந்த குடோனில், அவர் தொழுகை முடிந்து வந்த பிறகு. மருந்துப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். சுந்தரம்மாளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் உப்புக்கரைசல் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றை எடுத்து விரலால் மடித்தபடியே பேசினார்.

அஞ்சரை மணிக்குத் தண்ணீர் கேனை ஆபீஸ் ரூமுக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். டம்ளர்களைச் சேகரித்துக் கழுவி, ஒரு எவர்சில்வர் கூடையில் கவிழ்த்து, அதையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணி வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது. பைப்பில் வருவது உப்புத் தண்ணி. எழுந்து போய் அதைக் குடிக்கக்கூட முடிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ராத்திரிக்கு இருக்கிற ஒரே ஆள் தமிழ்மதி என்கிற பெண். அவளே சமைத்து, அவளே பரிமாறி, அவளே துணி மாற்ற வேண்டும். தண்ணீர் கொடுத்தால் படுக்கை நனையும். நனைந்தால் இருபத்தாறு படுக்கைக்கும் ஒருத்தி. அதனால் செயலாளர் போட்ட உத்தரவு அது. போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"அந்தப் புள்ளயக் கொற சொல்ல மாட்டேன்" என்றார் சுந்தரம்மாள். "அது அழுகுது. ரெண்டாவது ஆளு போடுங்கன்னு நாலு தடவ கேட்டுருக்கு. போறதுன்னா போன்னு சொல்லியிருக்காரு."

பிறகு பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா குளிச்ச துண்டு கட்டிலுக்குப் பக்கத்துக் கொடியில காயுது. அதோட ஈர முனையப் பிடிச்சுச் சப்பிக்கிட்டு இருந்துச்சு."

வெளியே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கும் குரல்.

ரஃபீக் பாய்தான் ஆரம்பித்தார். "நம்ம பேரு ஆலோசகரு. இத்தன வருஷத்துல நம்மகிட்ட ஆலோசன கேட்டது ஒரே தடவ. கேட்டுக்கு என்ன பெயிண்டு அடிக்கலாம்னு. நான் பச்சைன்னேன், அடிச்சிட்டாங்க. அதுல அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நான்கு பேரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், பலகையில் நம் பெயர் இருக்கிறவரை இந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு என்றார்.

"நாம வெளிய வந்துருவோம் பாய்" என்றார் சுந்தரம்மாள். "அவங்க உள்ளதான இருப்பாங்க."

அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். அறங்காவலர்களுக்கு ஒன்று, மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு அதன் நகல் ஒன்று. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும், இரவுக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும், பார்வையிட வருகிறவர்கள் சொல்லாமல் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டான்லி சார் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். அவர் பயந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸுக்குக் கடிதம் போய், அதிகாரிகள் வந்து, நாளைக்கே இல்லத்துக்கு சீல் வைத்துவிட்டால் இருபத்தாறு பேரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது, என் வீட்டில் இரண்டு பேர், இந்தக் குடோனில் இரண்டு பேரா என்று கேட்டார். மோகன்குமார் தன் மாணவன், நாலு சுவருக்குள் பேசினால் கேட்பான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், நான் இதக் கேக்கக் கூடாது. ஆனா கேக்காம இருக்க முடியல. அழகம்மாவும் அங்கதான் இருக்காங்க. நீங்க எழுதுற லெட்டர் வேற யாரு மேசைக்குப் போகுதோ இல்லையோ, மொதல்ல அவங்க கட்டிலுக்குத்தான் போய்ச் சேரும்."

"தெரியும் சார்" என்றார் சுந்தரம்மாள். "அனுப்பிட்டாங்கன்னா வைக்கிறதுக்கு எனக்கு எடமில்ல. அதயும் யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவருடைய அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு கட்டில்தான் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். கடைசியில், ஒரு வாரம் பொறுப்போம், முதலில் ஸ்டான்லி சார் போய்ப் பேசட்டும் என்று முடிவானது. சுந்தரம்மாள் சம்மதித்தார். எழுந்திருக்கும்போது மட்டும், "ஒரு வாரம்னா ஏழு ராத்திரி சார்" என்றார்.

மோகன்குமார் தன் வாத்தியாரை நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே பேசியிருக்கிறார். காபி வரவழைத்திருக்கிறார். வயசானவங்களுக்கு ராத்திரியில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னது டாக்டர்தான் என்று சொல்லியிருக்கிறார். எந்த டாக்டர் என்று கேட்டதற்கு, பீரோவைத் திறந்து பார்வையாளர் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தாராம். ஸ்டான்லி சார் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினாராம், ஒவ்வொரு மாதமாக. "தாயின் பரிவோடு கவனிக்கிறார்கள்." "இங்கே வந்தால் மனம் நிறைகிறது." முப்பத்துநான்கு மாதங்கள்.

"இதுக்கு மேல வேற மாதிரி எழுதினா, சார், ஜனங்க என்னையக் கேக்க மாட்டாங்க. உங்களத்தான் கேப்பாங்க." இது மோகன்குமார் சொன்னது. ஸ்டான்லி சார் அதை அப்படியே எங்களிடம் ஒப்பித்தார், வகுப்பில் தப்பு செய்த பையன் போல.

அன்று சாயங்காலமே சுந்தரம்மாளுக்கும் போன் வந்திருந்தது. அக்கா நன்றாக இருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்று மட்டும். பிறகு, காத்திருக்கிறவர்கள் நாற்பது பேர் இப்போது ஐம்பதாகிவிட்டார்கள் என்று.

இரண்டாவது கூட்டமும் அதே குடோனில். இந்த முறை ஸ்டான்லி சார் வந்ததுமே, கடிதம் வேண்டாம் என்றார். நம் கையெழுத்தே நமக்கு எதிராக நிற்கும், யாரும் நம்ப மாட்டார்கள். ரஃபீக் பாயும் யோசித்தார். "நானும் முப்பத்துநாலு தடவ 'மிக நன்று' போட்டிருக்கேன். 'மிக' வேற. அத எங்க போய் அழிக்கிறது?"

எல்லோரும் சுந்தரம்மாளைப் பார்த்தோம். "வந்தேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதாதவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லித் தன்னை விலக்கிக்கொள்ள அவரால் முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை.

"நானும்தான் சொல்லிட்டுச் சொல்லிட்டுப் போனேன். பதினோரு மணிக்குப் போயி சர்பத்துக் குடிச்சிட்டு வந்தேன். ராத்திரி எப்படின்னு ஒரு நாளு கேக்கல. முப்பது வருஷம் ஊரூராப் போனவளுக்கு இது தெரிய வேணாமா?" என்றார். "அழிக்க வேணாம் பாய். அதயே மொதல்ல எழுதுவோம். நாங்க பாக்காமலே நல்லா இருக்குன்னு எழுதுனோம், அது எங்க தப்புன்னு எழுதுவோம். மொதப் பாராவுல அது. பெறகு தண்ணி."

ஸ்டான்லி சார் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அதுவரை எங்களை மடக்குவதற்கு மோகன்குமாரின் கையில் இருந்த அந்தப் புத்தகம் இப்போது எங்கள் பக்கம் வந்திருந்தது.

அப்போதுதான் நான் பேசினேன். மார்ச் மாத முகாமில் பதினொரு பேருக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, முதுமை என்று குறித்துவிட்டு வந்துவிட்டேன். உடம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் நரம்பு ஒடுங்கிப்போகும் என்பது என் தொழிலின் முதல் பாடம். அதையும் எழுத வேண்டும் என்றேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் குரல் இருப்பதே அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கலாம்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். 'வறண்ட நாவுகளின் மௌனம்' என்று ஒரு வரி எப்படியோ வந்துவிட்டது. சுந்தரம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது வேணாம் தம்பி. எத்தன மணிக்குக் கேன எடுத்தாங்க, எத்தன மணிக்குத் திருப்பிக் கொண்டாந்தாங்க, எத்தன பேரு. அது போதும்."

அடித்துவிட்டேன். அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. நான் எழுதியவற்றில் நான் கூச்சப்படாத ஒன்று அது.

குழுத் தலைவர் முதலில் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். சுந்தரம்மாள் தாளை வாங்கி, மேலே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். அடுத்து ரஃபீக் பாய். அடுத்து நான். மேலே அந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஸ்டான்லி சார் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இருமினார். ரஃபீக் பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார் ஸ்டான்லி சார். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, மேலே விட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடிதங்கள் பதிவுத் தபாலில் போயின. நான்காவது நாள் பதில் வந்தது. ஆலோசனைக் குழு கலைக்கப்படுகிறது, உறுப்பினர்கள் இனி வளாகத்துக்குள் வரத் தேவையில்லை. எங்கள் சேவைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அதே நாளில் பலகையில் எங்கள் பெயர்களின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த அதே பச்சை. "என் செலக்ஷன்தான்" என்றார் ரஃபீக் பாய்.

சமூக நல அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் லேபிலிருந்து டீ குடிக்க வெளியே வரும்போது, பஸ் ஸ்டாண்டில் சுந்தரம்மாள் நத்தம் பஸ்ஸுக்கு நிற்பார். கையில் கனமான ஒயர் கூடை. உறவினர் பார்க்கும் நேரம் ஆறிலிருந்து ஏழு. அதைத் தடுக்க அவர்களுக்கு வழியில்லை. குழுவில் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டு மூடிவிட்டது. அழகம்மாளின் தங்கச்சிக்கு மட்டும் திறந்தது.

ஒரு நாள் கேட்டேன். இன்னும் அங்கேயே வைத்திருக்க வேண்டுமா, கடிதம் போன பிறகு அக்காவை அவர்கள் எப்படி நடத்துவார்களோ, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமே என்றேன்.

"வீட்ல எடமில்லயே தம்பி" என்றார். என் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு முகேஷ்குமார் மேல் கோபம் வந்தது. பெரியம்மா ஈரத் துண்டைச் சப்புகிறாள், ஒரு மகன் படிக்கட்டைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்கிறான் என்று நினைத்தேன். அந்த வாரம் ரவுண்டு ரோட்டில் அவர் பைக்கை நிறுத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பார்க்காதது போலப் போய்விட்டேன்.

பதினோராவது நாள், வியாழக்கிழமை, மாலை ஆறேகாலுக்கு அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். ஆபீஸ் ரூமைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே கூடையில் இருபத்தாறு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. இல்லத்தை மூடவில்லை. கட்டிலுக்கு ஒரு மூடி போட்ட கூஜா வந்தது. இரவுக்கு இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை, எந்த நாள் என்று சொல்லாமல், வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. மோகன்குமார் செயலாளராகவே இருக்கிறார். ஸ்டான்லி சாரைக் கோயில் திருவிழாவில் பார்த்தால் இப்போது வணக்கம் சொல்வதில்லையாம். அதை ஸ்டான்லி சார் வருத்தமாகத்தான் சொன்னார்.

ஸ்டான்லி சார் சொன்னது போலவே கடிதம் அந்தக் கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்தது. பராமரிப்புப் பணி காரணமாக அழகம்மாளை ஒரு மாதத்துக்குள் அழைத்துச் செல்லும்படி சுந்தரம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது. அவர் யாரிடமும் முறையிடவில்லை. அதற்குள் முகேஷ்குமார் நாகல் நகரிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறியிருந்தார். வேறு வழியில்லாமல் போன பிறகு செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அங்கே ஐந்து மாதம் இருந்தார். ஐப்பசியில், மழை பிடித்த ஒரு காலையில், தங்கச்சி டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். ரஃபீக் பாய் அன்றைக்கு ஒன்றும் வேடிக்கையாகப் பேசவில்லை. சுந்தரம்மாள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, வழக்கம் போல ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தார். ஸ்டான்லி சார் கையை மட்டும் விட நேரமானது. "செத்த நேரம் உக்காருங்க சார், தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனார். கூடத்தில் அழகம்மாள் படுத்திருந்த கட்டில் இன்னும் எடுக்கப்படவில்லை. அதன் தலைமாட்டில் ஒரு செம்பும் டம்ளரும் இருந்தன. டம்ளர் நிமிர்ந்திருந்தது.

போன தை மாதம் தமிழ்மதி எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தாள். இல்லத்தில் இன்னும் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நர்ஸம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். பிறகு அவளாகவே அந்தப் பதினொரு நாளைப் பற்றிச் சொன்னாள்.

கடிதம் தபாலில் போன மறுநாளே முகேஷ்குமார் கீழ்த்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம், பின் சீட்டில் தலையணையும் மெத்தையும் போட்டு, இல்லத்து வாசலுக்கு ஆட்டோ கொண்டுவந்தார். சுந்தரம்மாள் கேட்டுக்கு வெளியே போய் மகனிடம் பேசினார். ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. ஏன் என்று கேட்ட தமிழ்மதியிடம், "அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டா நாளைக்கு ஆறு மணிக்கு என்னைய யாரு உள்ள விடுவா?" என்றாராம். ஒயர் கூடைக்குள் இருந்தது தண்ணீர். தினமும் கடைசிக் கோடியில் இருக்கும் கட்டிலிலிருந்து ஆரம்பிப்பார், ஒவ்வொரு வாயாக. நனைந்த துணிகளைத் தமிழ்மதியோடு சேர்ந்து மாற்றிவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போவார். அழகம்மாளின் கட்டில் வாசல் பக்கம் இருந்தது. அங்கே கடைசியாகத்தான் வருவார்.